பழைய காருக்கு ரிவர்ஸ் கேமரா: பொருத்தும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

திருவனந்தபுரம்: சாலையைவிடத் தாழ்ந்த முற்றம், ஒரு கார் மட்டுமே நுழையக்கூடிய வாயில், அதற்கு வெளியே பள்ளிக் குழந்தைகள் நடந்து செல்லும் குறுகிய சந்து. குன்றுகளின் மேலும் சரிவுகளிலும் பரந்திருக்கும் கேரளத் தலைநகரில் பல வீடுகளின் அமைப்பு இப்படித்தான் இருக்கிறது. காரைத் திருப்ப இடமில்லாததால், காலையில் அலுவலகம் புறப்படுவோர் முற்றத்திலிருந்து சாலை வரை வண்டியைப் பின்னோக்கியே ஏற்றி வர வேண்டியுள்ளது. அந்தச் சில விநாடிகளில் காருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது ஓட்டுநருக்கு முழுமையாகத் தெரிவதில்லை.

இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் தயாரிக்கப்படும் பயணிகள் கார்களில், பின்னோக்கிச் செல்லும்போது தடைகளை உணர்ந்து எச்சரிக்கும் அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. ஓட்டுநருக்கான காற்றுப்பை, இருக்கைப் பட்டை நினைவூட்டி, வேக எச்சரிக்கை ஆகியவற்றுடன் ஏஐஎஸ்-145 என்ற தரநிலையின் கீழ் இது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய கார்களுக்கு இவ்விதி பொருந்தாது. 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்றுபோன மாருதி 800, அதே ஆண்டு மே மாதம் விடைபெற்ற அம்பாசிடர், முதல் தலைமுறை சான்ட்ரோ, ஆல்டோ, வேகன்ஆர் போன்றவை இன்றும் கேஎல்-01 பதிவெண்ணுடன் ஓடுவதைக் காண முடிகிறது. 15 ஆண்டு நிறைந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்ட பிறகும், அதைச் செலுத்திப் பழைய காரையே வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. இத்தகைய கார்களுக்குத் தனியே வாங்கிப் பொருத்தப்படும் ரிவர்ஸ் கேமரா பயனுள்ள சாதனம்தான். ஆனால் அது எப்படிப் பொருத்தப்படுகிறது என்பதைப் பொறுத்தே அதன் பயனும் ஆபத்தும் அமைகின்றன.

கண்ணாடிக்குத் தெரியாத பரப்பு

ஓர் எளிய கணக்கு இதை விளக்கும். ஓட்டுநரின் கண் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்திலும், பின்கண்ணாடியின் கீழ் விளிம்பு 1 மீட்டர் உயரத்திலும், இரண்டுக்கும் இடையே 2.2 மீட்டர் தூரமும் இருப்பதாகக் கொள்வோம். கண்ணிலிருந்து அந்த விளிம்பைத் தொட்டுச் செல்லும் பார்வைக்கோடு, பின்கண்ணாடியிலிருந்து 11 மீட்டர் தள்ளித்தான் தரையை அடையும். 85 சென்டிமீட்டர் உயரமுள்ள இரண்டு வயதுக் குழந்தை, கண்ணாடியிலிருந்து சுமார் 1.6 மீட்டருக்கு உட்பட்ட தூரத்தில் நின்றால் அதன் உச்சந்தலைகூடத் தெரியாது. குனிந்து பந்து பொறுக்கும் குழந்தை இன்னும் பல மீட்டர் தள்ளியிருந்தாலும் பார்வைக்கு அகப்படாது. பின்னிருக்கையில் தலைசாய்ப்பான்களும், கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகையில் பைகளும் இருந்தால் இந்த மறைவுப் பரப்பு மேலும் விரியும்.

இந்த மறைவுப் பரப்பே அமெரிக்காவில் ஒரு சட்டத்துக்குக் காரணமாயிற்று. 2002-ஆம் ஆண்டு நியூயார்க் மாகாணத்தின் லாங் ஐலண்ட் பகுதியில், கேமரன் கல்பிரான்சன் என்ற இரண்டு வயதுக் குழந்தை வீட்டு முற்றத்தில் கார் மோதி உயிரிழந்தது. காரைப் பின்னோக்கி எடுத்தவர் குழந்தையின் தந்தை. அவர் ஒரு குழந்தைகள் நல மருத்துவர். அக்குழந்தையின் பெயரிலேயே இயற்றப்பட்ட சட்டம் 2008 பிப்ரவரியில் அதிபரின் ஒப்புதலைப் பெற்றது. ஆயினும் அதற்கான விதிமுறை பலமுறை தள்ளிப்போடப்பட்டது. தந்தை உள்ளிட்டோர் நீதிமன்றத்தை நாடிய பின்னர், 2014-இல் இறுதி விதி வெளியாயிற்று. 2018 மே 1 முதல் அங்கு விற்பனையாகும் எல்லாப் புதிய கார்களிலும் பின்புறக் கேமரா கட்டாயம்.

விதியை வெளியிட்டபோது அந்நாட்டின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் தெரிவித்த விவரப்படி, பின்னோக்கி வரும் வாகனங்கள் மோதி ஆண்டுக்குச் சராசரியாக 210 பேர் உயிரிழந்தனர். இவர்களில் 31 சதவீதம் பேர் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். 26 சதவீதம் பேர் 70 வயதைக் கடந்தவர்கள். வீட்டில் அதிக நேரம் இருப்பவர்களும், விரைந்து விலக இயலாதவர்களும் இவ்விரு வயதினரே என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

அந்த விதியின் இரண்டு அளவுகள் பழைய காருக்குக் கேமரா வாங்குவோருக்கும் உதவும். காரின் பின்னால் சுமார் 10 அடி அகலமும் 20 அடி நீளமும் கொண்ட பரப்பு திரையில் தெரிய வேண்டும் என்பது ஒன்று. ரிவர்ஸ் கியர் போட்ட 2 விநாடிகளுக்குள் படம் தோன்ற வேண்டும் என்பது மற்றொன்று. மணிக்கு 5 கிலோமீட்டர் என்ற நடை வேகத்தில்கூட கார் 2 விநாடிகளில் ஏறத்தாழ 2.8 மீட்டர் நகர்ந்துவிடும்.

கேமரா மட்டும் விபத்தை ஒழித்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டுக் கழகம் நடத்திய ஆய்வுகளில், கேமரா மறைவுப் பரப்பைச் சராசரியாக 90 சதவீதம் குறைத்தது. ஆனால் காவல் துறையில் பதிவான பின்னோக்கு மோதல்கள் 17 சதவீதமே குறைந்தன. படம் திரையில் இருந்தாலும் அதை ஓட்டுநர் பார்க்க வேண்டும் அல்லவா!

எதை வாங்குவது?

சந்தையில் சில நூறு ரூபாயில் தொடங்கிப் பல ஆயிரம் ரூபாய் வரை கேமராக்கள் கிடைக்கின்றன. பம்பரில் துளையிட்டுச் செருகுவது, டிக்கிக் கதவின் மேல் விளிம்புக்குக் கீழே ஒட்டித் திருகுவது, பதிவெண் பலகையின் சட்டத்தோடு சேர்ந்து வருவது, பதிவெண் விளக்கு இருக்கும் இடத்தில் அமர்வது எனப் பல வகைகள் உள்ளன. பழைய காருக்குத் துளையிடாத வகையே பொருத்தமானது. திருவனந்தபுரத்தில் ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழையும் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையும் வந்து சேர்கின்றன. சங்குமுகம், வலியதுறை, கோவளம் போன்ற கரையோரங்களில் உப்புக்காற்றும் கூடுகிறது. வண்ணப்பூச்சு நீங்கிய தகட்டின் துளையில் துரு பிடிக்க ஒரு மழைக்காலம் போதும். துளையிட்டே ஆக வேண்டுமெனில் அதன் விளிம்பில் துருத்தடுப்பு வண்ணம் பூசி, ரப்பர் வளையம் செருகிய பிறகே ஒயரை நுழைக்க வேண்டும்.

நீர்புகாத் தன்மைக்கு ஐபி67 அல்லது அதற்கு மேற்பட்ட தரக் குறியீடு இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. இக்குறியீடு தூசி உள்ளே புகாது என்பதையும், ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் இருந்தாலும் பழுதாகாது என்பதையும் குறிக்கிறது. ஆனால் வில்லையின் மேல் தங்கும் மழைத்துளியை எந்தக் குறியீடும் துடைத்துவிடாது. டிக்கி விளிம்பின் நிழலில், சற்று உள்வாங்கிய இடத்தில் பொருத்தினால் துளிகள் படிவது குறையும்.

மாருதி 800 போன்ற கார்களில் படம் காட்டும் திரையும் இல்லை. உட்புறக் கண்ணாடியின் மேல் மாட்டிக்கொள்ளும் 4.3 அங்குலத் திரை இவற்றுக்கு எளிய தீர்வு. டாஷ்போர்டைப் பிரிக்க வேண்டியதில்லை. பின்னால் பார்க்க வேண்டுமெனில் கண்ணாடியை நோக்கும் பழக்கமும் மாறுவதில்லை. தொடுதிரை ஸ்டீரியோ ஏற்கெனவே இருந்தால் அதில் கேமராவுக்கான உள்ளீடு உண்டா, அது எவ்வகைச் சமிக்ஞையை ஏற்கும் என்பதை முதலில் அறிய வேண்டும். புதிய உயர்தெளிவுக் கேமராக்கள் சிலவற்றின் படத்தைப் பழைய திரைகளால் காட்ட இயலாது. திரை கறுப்பாகவே இருக்கும் அல்லது படம் உருண்டுகொண்டே இருக்கும். கடைக்காரர் கேமராவைக் குறை சொல்வார், ஸ்டீரியோ விற்றவர் கடைக்காரரைக் குறை சொல்வார். வாங்கும் இடத்திலேயே இரண்டையும் இணைத்துப் பார்த்துவிடுவது இந்த அலைச்சலைத் தவிர்க்கும்.

ஆண்ட்ராய்டு ஸ்டீரியோக்களில் இன்னொரு சிக்கல் உண்டு. காரைக் கிளப்பிய உடனே அவை விழித்துக்கொள்வதில்லை. சிலவற்றுக்கு அரை நிமிடம்கூட ஆகும். காலையில் சாவியைத் திருப்பியதும் ரிவர்ஸ் கியர் போடுபவருக்கு, குழந்தை பின்னால் இருக்கக்கூடிய அந்த நேரத்தில்தான் படம் கிடைக்காது. இரவு முழுவதும் நின்ற காரில், முதல்முறை கிளப்பும்போது எவ்வளவு நேரத்தில் படம் வருகிறது என்பதைச் சோதிக்காமல் இவ்வகைத் திரையை வாங்க வேண்டாம்.

ஒயர் வேலையும் கண்ணூர் சம்பவமும்

கேமராவுக்கான மின்சாரம் பொதுவாக ரிவர்ஸ் விளக்கிலிருந்து எடுக்கப்படுகிறது. ரிவர்ஸ் கியர் போட்டால் விளக்கு எரியும். அதோடு கேமராவும் இயங்கும். அங்கிருந்து படத்துக்கான ஒயர் டிக்கி, கதவோரப் படிக்கட்டு வழியாக டாஷ்போர்டை அடையும். ரிவர்ஸ் கியர் போடப்பட்டதைத் திரைக்கு அறிவிக்கும் மெல்லிய ஒயர் ஒன்றும் உடன் செல்லும். பழைய கார்களில் முதலில் பார்க்க வேண்டியது, ரிவர்ஸ் விளக்கு எரிகிறதா என்பதுதான். கியர்பெட்டியில் உள்ள சுவிட்ச் பழுதாகி, பல ஆண்டுகளாக விளக்கே எரியாமல் ஓடும் கார்கள் உண்டு. அதைச் சரிசெய்யாமல் எந்தக் கேமராவும் வேலை செய்யாது. 'ஒயர்லெஸ்' என்று விற்கப்படும் கேமராக்களுக்கும் இது பொருந்தும். அவற்றில் படத்துக்கு ஒயர் இல்லையே தவிர, மின்சாரத்துக்கு ஒயர் தேவை.

வேலை எளிதாகத் தோன்றுவதால்தான் கவனம் குறைகிறது. 2023 பிப்ரவரி 2-ஆம் தேதி, கண்ணூர் மாவட்ட மருத்துவமனைக்கு அருகே ஓடிக்கொண்டிருந்த கார் ஒன்று தீப்பற்றியது. பிரசவத்துக்காக அழைத்துச் செல்லப்பட்ட பெண்ணும், காரை ஓட்டிய அவருடைய கணவரும் வெளியேற முடியாமல் உயிரிழந்தனர். பின்னிருக்கையில் இருந்த நால்வர் தப்பினர். முதற்கட்டப் பரிசோதனையில் மின்கசிவு காரணமாக இருக்கலாம் எனக் கருதப்பட்டது. காரில் பின்னர் பொருத்தப்பட்டிருந்த ரிவர்ஸ் கேமரா உள்ளிட்ட கூடுதல் சாதனங்களும் அப்போது பேசுபொருளாயின. முதற்கட்டக் கருத்தைக் கொண்டு ஒரு சாதனத்தின் மேல் பழிபோட முடியாது. எனினும், காரின் மின்சுற்றில் புதிதாகச் சேர்க்கப்படும் ஒவ்வொரு இணைப்பும் எப்படிச் செய்யப்படுகிறது என்ற கேள்வியைக் கேரளத்தில் பரவலாக எழுப்பிய சம்பவம் அது.

ஒரு கேமரா எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் ஓர் ஆம்பியருக்கும் மிகக் குறைவு. 21 வாட் ரிவர்ஸ் பல்பே ஏறத்தாழ 1.75 ஆம்பியர் எடுக்கிறது. ஆகவே கேமரா சுமையால் ஒயர் சூடாவதில்லை. ஆபத்து வருவது வேறு இடத்திலிருந்து. உறை உரிந்த ஒயர் காரின் தகட்டைத் தொட்டால், பேட்டரியின் முழு ஆற்றலும் அந்த இடத்தில் பாயும். டிக்கிக் கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் மடங்கி நிமிரும் இடமும், தகட்டின் கூர்விளிம்பைக் கடக்கும் இடமும் உறை உரிவதற்கு ஏற்றவை. எனவே கேமராவின் நேர்மின் ஒயரில், மின்சாரம் எடுக்கப்படும் இடத்துக்கு மிக அருகில், 1 அல்லது 2 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைத் தனியே பொருத்த வேண்டும். அதன் விலை மிகச் சொற்பம். ஆனால் கேமராவுடன் வரும் பெட்டியில் பெரும்பாலும் அது இருப்பதில்லை, கேட்டால்தான் போடுவார்கள்.

இரண்டு ஒயர்களை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது நம்மூர் வழக்கம். வெயிலில் நிற்கும் காரில் அந்த டேப்பின் பசை இளகி, சில மாதங்களில் கழன்றுவிடும். இணைப்பைப் பற்றவைத்து, சூடுபடுத்தினால் சுருங்கிப் பற்றிக்கொள்ளும் குழாயால் மூடுவது உறுதியானது. டிக்கிக் கதவுக்குச் செல்லும் ஒயரை, ஏற்கெனவே தயாரிப்பாளர் அமைத்துள்ள ரப்பர் குழாயின் உள்ளேயே கொண்டுசெல்லும்படி கேட்க வேண்டும். இதற்குக் கூடுதலாக அரை மணி நேரம் ஆகும் என்பதால் சிலர் தவிர்க்கப் பார்ப்பார்கள்.

இடம் வலமானால்

படம் வந்துவிட்டது என்பதற்காக வேலை முடிந்துவிடவில்லை. காரின் இடப்பக்கம் பின்னால் நிற்கும் ஸ்கூட்டர், உட்புறக் கண்ணாடியில் இடப்பக்கமே தெரியும். பின்னோக்கியிருக்கும் கேமராவின் படம் அப்படியே திரைக்கு வந்தால், அதே ஸ்கூட்டர் வலப்பக்கம் தெரியும். இதனால் ரிவர்ஸ் கேமராக்கள் படத்தை இடவலமாகத் திருப்பிக் காட்டுகின்றன. ஆனால் ஒரே கேமராவை முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் விற்பதால், திருப்பும் வசதியை மாற்ற ஒயரில் ஒரு சிறு வளையம் வைத்திருப்பார்கள். அதை வெட்டினால் படம் மாறிவிடும். தவறான நிலையில் விடப்பட்ட கேமரா, ஸ்கூட்டரிலிருந்து விலகுவதாக எண்ணும் ஓட்டுநரை அதன் மீதே செலுத்தவைக்கும். காரின் இடப்பக்கப் பின்மூலையில் ஒருவரை நிறுத்தி, திரையிலும் அவர் இடப்பக்கம் தெரிகிறாரா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

திரையில் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களில் தெரியும் தூரக் கோடுகளை நம்புவதிலும் எச்சரிக்கை தேவை. தனியே வாங்கும் கேமராவில் இக்கோடுகள் எந்தக் காருக்கும் அளந்து போடப்பட்டவை அல்ல. அகல வில்லை என்பதால் பொருட்கள் உள்ளதைவிடத் தொலைவில் இருப்பதுபோலத் தோன்றும். பம்பரிலிருந்து ஒரு மீட்டர் அளந்து தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, அது திரையில் எந்த நிறத்தில் விழுகிறது என்று அறிந்துகொள்ளலாம்.

இந்த அளவும் சமதளத்துக்கு மட்டுமே சரி. திருவனந்தபுரத்தில் இதுதான் முக்கியமான செய்தி எனலாம். காரின் பின்னால் தரை மேல்நோக்கி ஏறினால், அங்குள்ள பொருள் உண்மையில் இருப்பதைவிடத் தொலைவில் இருப்பதாகத் திரை காட்டும். தரை கீழிறங்கினால் அருகில் இருப்பதாகக் காட்டும். தாழ்ந்த முற்றத்திலிருந்து மேட்டுச் சாலைக்குப் பின்னோக்கி ஏறும் ஒருவர், வாயிலருகே நிற்பவரை எட்டத்தில் இருப்பதாக எண்ணிவிடக்கூடும். மார்த்தாண்டம், குலசேகரம் பகுதிகளின் மேட்டு வீடுகளுக்கும் இது பொருந்தும். சரிவில் கோடுகளை மறந்துவிட்டு, படத்தில் அசைவு உண்டா என்பதை மட்டும் பார்ப்பதே பாதுகாப்பு.

சென்சார் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. மீயொலி சென்சார் சுவரையும் காரையும் நன்கு உணரும். மெல்லிய கம்பம், தாழ்வான திண்டு ஆகியவற்றைத் தவறவிடக்கூடும். சிறு குழந்தைகளை அவை சீராகக் கண்டறியவில்லை என அமெரிக்கச் சோதனைகள் தெரிவித்தன. இரண்டும் இருந்தால் நல்லது. ஒன்றுக்கே பணம் இருந்தால் கேமராவைத் தேர்ந்தெடுக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

வாகன மாற்றங்கள் குறித்துக் கேரளத்தில் அச்சம் அதிகம். அதற்குக் காரணமும் உண்டு. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கூறுகிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கு ஒன்றில், 2019 ஜனவரி 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்து, மாற்றங்களுக்குச் சாதகமாக இருந்த உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்தது. அதே ஆண்டு சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

ரிவர்ஸ் கேமரா, பதிவுச் சான்றிதழில் உள்ள எஞ்சின், எரிபொருள், நிறம், இருக்கை எண்ணிக்கை, எடை போன்ற எந்த விவரத்தையும் மாற்றுவதில்லை. சிக்கல் வருவது அதன் துணைப் பொருட்களால்தான். சில கேமராக்களில் இரவில் பார்ப்பதற்கென வெள்ளை எல்இடி விளக்குகள் உள்ளன. பதிவெண் விளக்கு, ரிவர்ஸ் விளக்கு போன்ற விதிவிலக்குகள் தவிர, வாகனத்தின் பின்புறம் சிவப்பு அல்லாத ஒளி தெரியக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. எப்போதும் எரியும்படி இணைக்கப்பட்ட வெள்ளை எல்இடி இந்த விதியை மீறும். பின்னால் வருபவரின் கண்ணையும் கூசச் செய்யும்.

பதிவெண் பலகைச் சட்டத்தோடு வரும் கேமராக்களிலும் கவனம் தேவை. எண்ணின் மேற்பகுதியையோ, உயர் பாதுகாப்புப் பலகையில் உள்ள குறியீட்டையோ சட்டம் மறைத்தால் அது குற்றம். அப்பலகையை இறுக்கியிருக்கும் பூட்டை உடைத்துக் கேமரா பொருத்துவதும் கூடாது. பதிவெண் விளக்கைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கேமராவை வைத்தால், இரவில் எண் தெரிவதற்கு ஒளி வேண்டும். மாநிலமெங்கும் 726 கேமராக்கள் நிறுவப்பட்டு, 2023 ஜூன் 5 முதல் அவற்றின் வழியே அபராதம் விதிக்கப்படும் கேரளத்தில், நம் கேமரா அவற்றுக்கு எண்ணை மறைப்பதாக அமைந்துவிடக் கூடாது.

காப்பீட்டில் ஒரு சிறு வேலை மீதமிருக்கிறது. தயாரிப்பாளரின் விலைப்பட்டியலில் இல்லாத மின், மின்னணுச் சாதனங்களை முழுக் காப்பீட்டில் தனியே குறிப்பிட்டு, அவற்றின் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் செலுத்தும் ஏற்பாடு மோட்டார் காப்பீட்டுக் கட்டண விதிகளில் 24-ஆவது கூடுதல் விதியாக உள்ளது. 5,000 ரூபாய்ச் சாதனத்துக்கு இது 200 ரூபாய். சாதனம் சேதமடைந்தால் இழப்பீடு பெறவும், பின்னர் தகராறு எழாமல் இருக்கவும் ரசீதைப் பத்திரப்படுத்திக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிப்பது நல்லது.

கடையிலிருந்து காரை எடுக்கும் முன், ஒரு பிளாஸ்டிக் குடத்தைப் பின்பம்பரை ஒட்டித் தரையில் வைத்து ரிவர்ஸ் கியர் போட்டுப் பார்க்கலாம். இரண்டு விநாடிக்குள் படம் வர வேண்டும். பம்பரின் விளிம்பும் குடமும் திரையின் அடிப்பகுதியில் தெரிய வேண்டும். இரவிலும், வில்லையில் நீர் தெளித்தும் இதையே மீண்டும் பார்ப்பது நல்லது. குடம் தெரியாவிட்டால் கேமராவைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்க்கச் சொல்ல வேண்டும். பெரும்பாலான தாங்கிகளில் அதற்கென இருபுறமும் சிறு திருகுகள் உள்ளன.